ஒரே கன்று, ஒரே மண், இரண்டு வெட்டு: ஒரு தைலமரக் கொல்லையின் நிகழ்வு ஆய்வு

காரைக்குடியில் இருந்து அறந்தாங்கி போகிற சாலையில் புதுவயல் தாண்டி உள்ளே இறங்கினால் எங்கள் குடும்பத்துக் கொல்லை வரும். மொத்தம் 10 ஏக்கர் செம்மண், அங்கங்கே செம்புறாங்கல் தலைகாட்டும். வடக்குப் பக்கம் 5 ஏக்கர் பெரியப்பாவுக்கு, தெற்குப் பக்கம் 5 ஏக்கர் சித்தப்பாவுக்கு, நடுவில் ஒரு வரப்பு. 2016 புரட்டாசியில் இரண்டு பேரும் ஒரே நாற்றங்காலில் இருந்து ஒரே லாரியில் வந்த ஆர்.எஸ்.பதி கன்றுகளை ஒரே வாரத்தில் நட்டார்கள். யூகலிப்டஸை எங்கள் பக்கத்தில் பாதிப் பேர் தைலமரம் என்பார்கள், பாதிப் பேர் ஆர்.எஸ்.பதி என்பார்கள். தைலம் விற்ற கம்பெனியின் பெயர் மரத்துக்கே ஒட்டிக்கொண்டது.

பெரியப்பா கொல்லையை 2022 அக்டோபரில் வெட்டினார்கள். சித்தப்பா கொல்லையில் 3 ஏக்கரை 2023 ஜூலையில் வெட்டினோம். மரப்பயிர் வைத்தவர்களுக்கு வெட்டுக்கு முன்னால் அளந்து, இத்தனை டன் வரும் என்று மதிப்புச் சொல்வது என் தொழில். அப்படியிருந்தும் முதல் வெட்டு நடந்தபோது நான் ஊரில் இல்லை. தீபாவளிக்குத் திரும்பி வந்து கொல்லையைப் பார்த்தபோது வயிறு எரிந்தது. அந்த எரிச்சலில்தான் நோட்டும் டேப்பும் எடுத்துக்கொண்டு வரிசை வரிசையாக நடந்து எண்ண ஆரம்பித்தேன். அடுத்த ஆண்டு தெற்குக் கொல்லையிலும் அதே மாதிரி எண்ணினேன். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுதியது இது.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு மரம் விடாமல் வெட்டியதற்காக எனக்குக் கோபம் இல்லை. "மொட்டையடிச்சுட்டாங்க" என்று ஊரில் சொல்கிற முழு வெட்டுதான் ஆர்.எஸ்.பதிக்குச் சரியான வெட்டு. அது வெளிச்சம் தேடும் மரம். பாதியை வெட்டிப் பாதியை விட்டால், வெட்டின தூரில் வரும் துளிர் நிற்கிற மரத்தின் நிழலில் நோஞ்சானாகவே கிடக்கும். ஒரே வயதில் நட்டு, ஒரே நாளில் வெட்டி, ஒரே நேரத்தில் மறுதாம்பு, அதாவது வெட்டின தூரில் இருந்தே மறுபடி கிளம்பும் பயிர், விட வேண்டிய மரம் அது. கரும்பு மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள், ஆறு வருடக் கரும்பு. கோபம் எல்லாம், வெட்டியதில் எவ்வளவு வீணடித்தார்கள், வெட்டிய பிறகு மண்ணை எந்தக் கதியில் விட்டுப் போனார்கள் என்பதில்தான்.

வடக்குக் கொல்லை

பெரியப்பாவுக்கு அப்போது 74 வயது. முழங்கால் வலியோடு தினமும் கொல்லைக்குப் போய் நிற்க முடியாது. வெட்டு வியாபாரி ஒருவர் வந்தார், மரத்தைச் சுற்றிப் பார்த்தார், மொத்தமாக ஒரு தொகை பேசினார். பாதியை முன்பணமாகக் கொடுத்தார். எழுத்து எதுவும் இல்லை. பெரியப்பா கேட்டதும் ஒன்றுதான்: "மழைக்கு முன்னாடி முடிச்சுருவீகளா?" முடித்துவிடுவோம் என்றார்கள்.

தவறு அங்கேயே தொடங்கியது என்பது என் கணிப்பு. மொத்தத் தொகை பேசினால், வியாபாரிக்கு எத்தனை சீக்கிரம் லோடு ஏறுகிறது என்பதே கணக்கு. அவர் கொண்டுவந்த ஆட்களுக்கோ டன்னுக்கு இவ்வளவு என்று கூலி. ரம்பம் பிடிப்பவர் தரையோடு அறுக்க வேண்டுமானால் மரத்துக்கு மரம் குனிய வேண்டும். செயின் மண்ணில் பட்டால் மழுங்கும், நிறுத்தித் தீட்ட வேண்டும், அந்த நேரத்துக்குக் கூலி கிடையாது. அதனால் முழங்கால் உயரத்தில் அறுத்துக்கொண்டே போனார்கள். அந்த ஆட்களை நான் குறை சொல்ல மாட்டேன். காலை ஆறு மணிக்கு வந்து இருட்டும்வரை வேலை செய்தவர்கள் அவர்கள். தூரைப் பற்றிக் கவலைப்படும்படி யாரும் அவர்களிடம் பேசவில்லை, அதற்குக் காசும் கொடுக்கவில்லை.

நான்கு வரிசையில் 200 தூர்களை அளந்தேன். அரைச் சாண் உயரத்தில், அதாவது 10 முதல் 12 சென்டிமீட்டரில் இருக்க வேண்டியவை, பெரும்பாலும் 45 சென்டிமீட்டருக்கு மேல் நின்றன. கூடுதலாக நின்ற கட்டை சராசரியாக 35 சென்டிமீட்டர். தூர் 14 சென்டிமீட்டர் கனம் என்றால், பச்சை எடையில் ஒவ்வொன்றிலும் ஐந்து கிலோவுக்குக் குறையாத கட்டை. மூன்று மீட்டருக்கு ஒன்றரை மீட்டர் இடைவெளியில் நட்டால் ஏக்கருக்குச் சுமார் 900 கன்று. செத்தது போக 700 என்று வைத்தாலும், ஏக்கருக்கு மூன்றரை டன் கட்டை தரையிலேயே நிற்கிறது. 5 ஏக்கருக்குப் பதினேழு டன்னுக்கு மேல், கிட்டத்தட்ட ஒரு லாரி லோடு. மரத்திலேயே கனமான பாகம் அடிமரம்தான், அதைத்தான் விட்டுப் போயிருந்தார்கள்.

நுனிக் கட்டைகளின் கதை இன்னும் மோசம். மணிக்கட்டு கனத்துக்குக் கீழே இருந்தது எதையும் அவர்கள் தொடவில்லை. பந்தல் போட, தக்காளிக்கு ஊன்ற, சூளைக்கு, அடுப்புக்கு என்று எங்கள் ஊரில் ஆள் தேடி வாங்குகிற கழிகள் அவை. எல்லாவற்றையும் கிளை தழையோடு குவித்து, இடம் சுத்தமாக இருக்கட்டும் என்று தீ வைத்தார்கள். எங்கே குவித்தார்கள்? அறுத்த தூர்களின் மேலேயே. துளிர் வரவேண்டிய மொட்டு தூரின் பட்டைக்கு அடியில்தான் உறங்கிக்கொண்டிருக்கும். பட்டை வெந்தால் தூர் செத்தது. குவியல் எரிந்த இடமெல்லாம் வட்ட வட்டமாக ஒரு துளிர்கூட இல்லாமல் கிடந்ததை அடுத்த பங்குனியில் பார்த்தேன்.

பட்டை உரித்த விதம் மூன்றாவது தப்பு. மரத்தை விழுந்த இடத்தில் உரிக்காமல், இழுத்துப் போய் சாலையோரம் போட்டு உரித்தார்கள். தைலமரம் மண்ணில் இருந்து எடுக்கிற சுண்ணாம்புச் சத்தில் பெரும்பங்கு பட்டையில் இருக்கிறது. இலையிலும் பட்டையிலும் உள்ள சத்து கொல்லைக்கே திரும்பினால்தான் அடுத்த ஆறு வருடத்துக்கு மண் தாங்கும். எங்கள் செம்மண்ணில் வேறு என்ன இருக்கிறது? சாலையோரம் மலைபோல் கிடந்த பட்டையை யாரோ அள்ளிக்கொண்டு போனார்கள்.

வரப்பில் ஒன்பது பனை நின்றது. டிராக்டர் திரும்ப இடம் போதவில்லை என்று அவற்றையும் சாய்த்தார்கள். பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்று 2021-இலேயே தமிழக அரசு அறிவித்திருந்தது. அதெல்லாம் வேண்டாம், பெரியப்பாவிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். அவருடைய தாத்தா ஊன்றிய பனைகள் அவை.

அப்புறம் மழை.

கொல்லையின் மேற்கு ஓரத்தில் கண்மாய்க்குப் போகிற வரத்துக்கால் ஓடுகிறது. வெட்டு நடந்த நாட்களில் அதுதான் டிராக்டர் பாதை. கரை இரண்டு இடத்தில் உடைந்திருந்தது. மிச்சமான கிளைகளை அதற்குள்ளேயே தள்ளியிருந்தார்கள். எங்கள் பக்கத்து மழையில் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையில் கொட்டிவிடும். வந்த தண்ணீர் கிளைகளில் முட்டி, உடைந்த கரை வழியாக மொட்டைக் கொல்லைக்குள் புகுந்து, சரிவில் முழங்கால் ஆழத்துக்கு ஓடை பறித்துக்கொண்டு கண்மாய்க்குள் இறங்கியது. மடையடியில் செம்மண் மேடு. கண்மாயை நம்பி நெல் போட்டவர்கள் பெரியப்பா வீட்டு வாசலில் வந்து நின்றார்கள். வியாபாரியைத் தேடிப் போக அவர்களுக்கு என்ன இருக்கிறது? நிலம் யாருடையதோ, பழி அவருக்குத்தான். ஜே.சி.பி வைத்து வரத்துக்காலைத் தூர்வாரிக் கொடுத்தது பெரியப்பாவின் செலவு.

கடைசியாக ஏற்றியிருக்க வேண்டிய இரண்டு லோடு கட்டை சேற்றுக்குள் லாரி வர முடியாமல் இரண்டு மாதம் கிடந்தது. எடை இறங்கிவிட்டது, உரிக்காமல் கிடந்ததில் பட்டை ஒட்டிக்கொண்டது. அந்த நஷ்டத்தைச் சொல்லி மீதிப் பணத்தில் வியாபாரி ஒரு பகுதியைக் கழித்துக்கொண்டார்.

தேக்குத் தூணும் முழு வெட்டும்

இந்த நிகழ்வைச் சொல்லும்போதெல்லாம் யாராவது ஒருவர், "காட்டை மொட்டையடிக்கிறதே பாவம், அந்தக் காலத்தில் இப்படியா வெட்டினார்கள்?" என்று கேட்பார். செட்டிநாட்டில் கேட்கப்படும்போது இந்தக் கேள்விக்கு அருமையான ஒரு பதில் இருக்கிறது. கானாடுகாத்தானிலோ காரைக்குடியிலோ பழைய வீட்டின் வளவில், அதாவது உள்முற்றத்தில், நிற்கும் பர்மா தேக்குத் தூண்தான் அந்தப் பதில்.

பர்மாவின் பெகு காடுகளுக்கு 1856-இல் பொறுப்பேற்ற டீட்ரிக் பிராண்டிஸ் என்ற ஜெர்மானியர், தேக்கைப் பொறுக்கி வெட்டும் முறையை ஒழுங்குபடுத்தினார். குறிப்பிட்ட சுற்றளவுக்கு மேலே வளர்ந்த மரத்தை மட்டும் தேர்ந்தெடுத்து, அடியில் சுற்றிலும் பட்டையையும் அதற்கு உள்ளே நீர் ஏற்றும் வெள்ளைக்கட்டையையும் வெட்டி விடுவார்கள். மரம் நின்றபடியே இரண்டு மூன்று ஆண்டில் காயும். பச்சைத் தேக்கு தண்ணீரில் முங்கும், காய்ந்தது மிதக்கும். பிறகுதான் சாய்த்து, யானையை விட்டு ஆற்றுக்கு இழுத்து, ரங்கூனுக்கு மிதக்க விடுவார்கள். பல வகை மரங்களோடு கலந்து, பல வயதில் தேக்கு நின்ற காடு அது. அங்கே முழு வெட்டு வெட்டியிருந்தால் நாசம்தான்.

அதே பிராண்டிஸ்தான் கரேன் மக்களின் மலை வேளாண்மையைப் பார்த்து இன்னொரு முறையையும் பரப்பினார். ஒரு துண்டு இடத்தை முழுசாக வெட்டி, எரித்து, நெல்லோடு தேக்குக் கன்றையும் சேர்த்து ஊன்றுவார்கள். நெல் ஒன்றிரண்டு வருடம், அதன்பிறகு தேக்குத் தோட்டம். டவுங்யா என்று அதற்குப் பெயர். பொறுக்கி வெட்டியவரும் முழுசாக வெட்டச் சொன்னவரும் ஒரே ஆள். இடமும் மரமும் எது கேட்டதோ அதைச் செய்தார். இங்கே ஒரு வித்தியாசம் முக்கியம்: டவுங்யாவில் வெட்டு என்பது நடவின் முதல் நாள் வேலை. வடக்குக் கொல்லையில் வெட்டு என்பது கடைசி லாரி போன நாளோடு முடிந்த வேலை.

எவ்வளவு பரப்பை ஒரே மூச்சில் வெட்டலாம் என்பதும் பழைய சண்டைதான். அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியாவில் மோனோங்கஹேலா தேசிய வனத்தில் நடந்த முழு வெட்டை எதிர்த்து வழக்குப் போட்டு 1975-இல் மேல்முறையீட்டிலும் வென்றார்கள். அதன் விளைவாக 1976-இல் தேசிய வன மேலாண்மைச் சட்டம் வந்தது. அந்தச் சட்டத்தின்கீழ் வந்த விதிகள் தேசிய வனங்களில் ஒரே வெட்டின் பரப்புக்கு உச்சவரம்பு வைத்தன. பொதுவாக 40 ஏக்கர், பசிபிக் கரையோர மாநிலங்களின் டக்ளஸ் ஃபிர் மரத்துக்கு 60, தெற்கு மாநிலங்களின் பைன் மரத்துக்கு 80, அலாஸ்காக் கரையின் சில மரங்களுக்கு 100. ஸ்வீடனில் 1903-ஆம் ஆண்டுச் சட்டமே வெட்டினவர் மறுபடி காடு வளர்த்தாக வேண்டும் என்று கட்டாயப்படுத்தியது. நம் நாட்டில் 1996 டிசம்பர் 12-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் கோதவர்மன் வழக்கில் கொடுத்த உத்தரவு தமிழ்நாட்டின் வனப் பகுதிகளில் மரம் வெட்டுவதையே தடை செய்தது. முன்பு காடாக இல்லாத இடத்தில் நட்டு வளர்த்த மரங்களுக்கு அந்தத் தடை இல்லை. எங்கள் கொல்லை அந்த விலக்கில் வருகிறது.

நமக்கு 5 ஏக்கர்தானே, 40 ஏக்கர் கணக்கு எதற்கு என்று நானும் முன்பு நினைத்தேன். 2022-இல் அந்த எண்ணம் மாறியது. அதே கண்மாய்க்குத் தண்ணீர் வருகிற சரிவில் எங்களைச் சுற்றி நான்கு பேர் அதே இரண்டு மாதத்தில் வெட்டினார்கள். விலை ஏறியிருந்தது, எல்லோரும் 2016 வாக்கில் நட்டவர்கள், வேறென்ன செய்வார்கள்? பட்டாவில் அது ஐந்து தனித்தனிக் கொல்லை. மழைத் தண்ணீர் பட்டா பார்த்து ஓடவில்லை. அதற்கு அது ஒரே மொட்டை வெளி. ஆகவே எங்கள் பக்கத்தில் கணக்குப் போட வேண்டிய அளவு ஏக்கர் இல்லை, கண்மாயின் நீர்வரத்துப் பரப்பு. அதில் எத்தனை பங்கு ஒரே ஐப்பசியில் மொட்டையாகக் கிடக்கிறது என்று கண்மாய்க்காரர்களும் மரக்காரர்களும் உட்கார்ந்து பேசினாலே பாதிச் சண்டை குறையும். தைலமரமே கூடாது, அது தண்ணீரை உறிஞ்சுகிறது, வரத்தை மறிக்கிறது என்று புதுக்கோட்டைப் பக்க விவசாயிகள் பல ஆண்டுகளாகச் சொல்கிறார்கள். அவர்கள் ஆத்திரத்தில் நியாயம் இருக்கிறது. வடக்குக் கொல்லை மாதிரி வெட்டுகிற ஒவ்வொருவரும் அந்த நியாயத்துக்கு இன்னும் வலு சேர்க்கிறார்கள்.

தெற்குக் கொல்லை

சித்தப்பா அண்ணன் கொல்லையைப் பார்த்துப் பயந்துபோனார். "ஏப்பா, நான் வெட்டவே இல்லை, நிக்கட்டும்" என்றார். நிற்க விட்டால் பெருத்துக்கொண்டே போகும், வயதான தூர் துளிர்ப்பதும் குறையும் என்று சொல்லி ஒப்புக்கொள்ள வைத்தேன்.

இந்த முறை வேறொரு வியாபாரி. டன் கணக்கில் பேசினோம், எடைமேடைச் சீட்டு எங்கள் கையில். ஒரு வெள்ளைத்தாளில் எழுதிக் கையெழுத்து வாங்கினோம். தூர் அரைச் சாணுக்கு மேல் நிற்கக் கூடாது. வெட்டு வாய் சற்றுச் சாய்வாக, தண்ணீர் தங்காதபடி இருக்க வேண்டும். பட்டை தூரில் இருந்து கிழிந்து பிரியக் கூடாது. விழுந்த இடத்திலேயே உரித்துப் பட்டையை அங்கேயே பரப்ப வேண்டும். தீ கூடாது. டிராக்டர் வரப்போரம் நாங்கள் கயிறு கட்டிய பாதையில் மட்டும். இதற்காக டன்னுக்குக் கொஞ்சம் குறைவான விலைக்கே சித்தப்பா சம்மதித்தார். அறுப்பவர்களுக்குத் தூர் எண்ணிப் பார்த்துத் தனியாக ஒரு தொகை கொடுத்தோம். அந்தத் தொகைதான் வேலையை மாற்றியது என்று நம்புகிறேன். மூன்றாம் நாளே ஒருவர் தானாக என்னைக் கூப்பிட்டு, "அண்ணே, இந்த வரிசையைப் பாருங்க" என்று காட்டினார்.

5 ஏக்கரையும் ஒரே நேரத்தில் வெட்டவில்லை. மேட்டுப் பக்கம் 3 ஏக்கர் முதலில். வரத்துக்காலை ஒட்டிய 2 ஏக்கர் நின்றது. மேலே துளிர் மூடிய பிறகு அதை வெட்டலாம், அப்போதும் கால்வாயோரம் மூன்று வரிசையைத் தொடுவதில்லை என்று முடிவு.

பட்டை உரிக்க வந்த அம்மா ஒருவர் எனக்குப் பாடம் எடுத்தார்: "ஈரம் இருக்கையில உரிச்சா சட்டையைக் கழட்டுற மாதிரி வரும் தம்பி. நாலு நாள் போச்சுன்னா நகம் பேந்துரும்." அன்றன்று வெட்டியதை அன்றன்றே உரித்தார்கள். இலை தழையைச் சரிவுக்குக் குறுக்கே, தூர்களை மூடாமல், இரண்டு வரிசைக்கு ஒரு வரப்பு மாதிரி போட்டோம். ஐப்பசியில் கரைந்து வந்த மண் அந்தத் தழை வரப்புகளில் தேங்கி நின்றதைக் கண்ணால் பார்த்தேன். மெல்லிய கழிகளைச் சூளைக்காரர் ஒருவரும் காய்கறி போடுகிறவர்களும் வாங்கினார்கள். மிலாறு, அதாவது சுள்ளி, ஊருக்கு. இரண்டே நாளில் ஒன்று மிச்சமில்லை.

ஆறு மாதம் கழித்து இங்கேயும் 200 தூர்களை எண்ணினேன். 171 துளிர்த்திருந்தன. வடக்குக் கொல்லையில், அதே மாதிரி வெட்டி ஆறு மாதத்தில், 200-க்கு 108. இரண்டு வெட்டும் ஒரே பருவத்தில் நடந்ததல்ல, அதைச் சொல்லியாக வேண்டும். ஆனால் வடக்கே வெட்டு முடிந்ததும் நல்ல மழை கிடைத்தது, துளிர்க்க அது சாதகமான பருவம். தெற்கே ஜூலை வறட்சியில் வெட்டினோம், ஆடி ஆவணியில் பெய்த இரண்டு மூன்று மழைதான் துணை. பருவம் வடக்கின் பக்கம் இருந்தும் தோற்றது வடக்குதான்.

துளிர்த்த 108-இலும் பாதிக்குப் பாதி சரியில்லை. உயரமான தூரின் உச்சியில், கிழிந்த பட்டையில் வந்த துளிர் காற்றடித்தால் பிய்ந்து விழுகிறது. தரையை ஒட்டி வந்தால் தண்டு தடித்துப் பிடித்துக்கொள்ளும். தெற்கே ஒரு தூருக்கு ஒன்று அல்லது இரண்டு நல்ல துளிரை விட்டு மீதியைக் கழித்துவிட்டோம்.

பெரியப்பா வடக்கில் துளிர் வராமல் விட்டுப்போன இடங்களில் புதுக் கன்று ஊன்றிப் பார்த்தார். தேறவில்லை. பழைய தூருக்குப் பெரிய வேர் இருக்கிறது, அதன் துளிர் ஒரே வருடத்தில் ஆள் உயரம் தாண்டும். நடுவில் வைத்த கன்று நிழலில் மெலிந்தே போனது. கடைசியில் 2024 கோடையில் கீழ்ப்பாதியில் தூர்களைத் தோண்டி எடுத்துவிட்டு முந்திரி வைத்தார். இரண்டு மறுதாம்பு வெட்டியிருக்க வேண்டிய தூர்களைத் தோண்டியெடுக்க அவரே காசு கொடுத்தார். சூளைக்கு ஏற்றிய அந்தத் தூர்களைப் பார்த்து அவர் எதுவும் சொல்லவில்லை.

போன ஆண்டு சித்தப்பாவின் மீதி இடத்தில் வெட்டு நடந்தது. நான் அளந்து கோடு போட்டுக் கொடுத்துவிட்டு வரப்பில் நின்றேன். பெரியப்பா முழங்கால் வலியோடு வந்துவிட்டார். கையில் ஊன்றுகோல், அதன் அடியில் அரைச் சாண் அளவுக்குச் சிவப்புப் பெயிண்டில் ஒரு கோடு. அறுக்கிறவர்களுக்குப் பின்னால் மெதுவாக நடந்து, ஒவ்வொரு தூரின் பக்கத்திலும் கோலை ஊன்றிப் பார்த்தார். ஒரு இடத்தில் நின்று, "தம்பி, இது ரெண்டு விரக்கடை கூட" என்று கூப்பிட்டார். அந்தப் பையன் திரும்பி வந்து குனிந்து, மறுபடி அறுத்துக் கொடுத்தான்.